மகன் யாருக்கோ வேலை செய்கிறானோ என்ற பயம்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வடக்கில் முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் பிள்ளைகளின் மாலை வகுப்புகளோடும் பெற்றோர் கூட்டங்களோடும் பழகுகிறவள் நான். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு அம்மாவோ ஒரு அம்மம்மாவோ கதவோரம் நின்று மெதுவாகக் கேட்பார். கேள்விகள் அநேகமாக ஒன்றைப் பற்றித்தான்: பெரியவர்கள் யாரோ பிள்ளையைப் போதைப்பொருள் கைமாற்றுவது போன்ற குற்ற வேலைக்கு அனுப்புகிறார்களோ என்ற பயம். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். இது கொழும்பு வடக்கில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. வெள்ளவத்தையில் வசதியாக இருக்கிற குடும்பங்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன, இன்னும் மெதுவான குரலில்.

"சிறுவர் பாதுகாப்புன்னா பாலியல் தொல்லையைத்தானே சொல்வாங்க? இது என்ன வேற?"

அதுவும் சிறுவர் பாதுகாப்புதான். இங்கே பேசுவது, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெரியவர்கள் தங்கள் குற்ற வேலைக்கு ஆளாக வைத்துக்கொள்வதைப் பற்றி. ஐஸ் (மெத்தாம்பெட்டமின்), குடு (ஹெரோயின்), போதை மாத்திரை ஆகியவற்றைக் கைமாற்ற அனுப்புவது, சந்து முனையில் நிறுத்திப் பொலிஸ் வருகிறதா என்று பார்க்கச் சொல்வது, திருட்டுப் போனை விற்கக் கொடுப்பது, பிச்சை எடுக்க வைப்பது, பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் யாரோ ஒருவரின் பணத்தைப் போட்டு எடுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

ஏன் பிள்ளையைத் தேடுகிறார்கள் என்றால், வெள்ளைச் சீருடையும் புத்தகப் பையும் போட்டவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. கொடுக்கிற கூலி சின்னது. பிடிபட்டால் பிள்ளைதான் பிடிபடுவான், அனுப்பியவன் வீட்டில் இருப்பான். பயந்த பிள்ளை பெயரையும் சொல்ல மாட்டான்.

"எங்க பிள்ளை நல்ல பிள்ளை. அவனை எப்படி இதுக்குள்ள இழுப்பாங்க?"

நல்ல பிள்ளை என்பதால்தான். பெரும்பாலும் ஒரு உதவியோடு தொடங்கும். போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பார், கிரிக்கெட் சப்பாத்து வாங்கிக் கொடுப்பார், டியூஷன் காசு இல்லாதபோது "இந்தா, அப்புறம் தா" என்பார். அவர் "அண்ணா" ஆகிவிடுவார். சில வாரத்துக்குப் பிறகு "இந்தப் பொதியை அந்த அண்ணாவிடம் குடுத்துட்டு வா" என்று ஒரு சின்ன வேலை வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அடுத்தது கடன். பொதி தொலைந்துவிட்டது, யாரோ பறித்துவிட்டார்கள், நீதான் கட்ட வேண்டும் என்பார்கள். பல நேரம் பறித்தவனும் அவர்களின் ஆள்தான். அந்தக் கடன் முடியவே முடியாதபடி பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை பணத்தாசையில் இருக்கிறான் என்று நாம் நினைக்கிற நேரத்தில் அவன் பயத்தில் இருப்பான்.

"எதைப் பார்த்துச் சந்தேகப்படறது? இந்த வயசுல எல்லாப் பிள்ளைகளும் அறையைப் பூட்டிக்கிறாங்களே."

உண்மைதான், ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒன்றோடு ஒன்று சேரும்போது கவனியுங்கள். வீட்டில் யாரும் வாங்கிக் கொடுக்காத போன், அதைவிட முக்கியமாக இரண்டாவது சிறிய பட்டன் போன். போன் உறைக்குள் மடித்து வைத்த இன்னொரு சிம். வகுப்புக்குப் போனதாகச் சொன்ன நாளில் ஆசிரியர் "வரவில்லையே" என்பது. இரவில் ஒரு தடவை மணி அடித்து நிற்க, உடனே "கடைக்குப் போய்ட்டு வாறேன்" என்று கிளம்புவது. கையில் காசு இருக்கும்போதே வீட்டுச் சாமான் காணாமல் போவது. இந்தக் கடைசி ஒன்று கடனைக் காட்டுகிறது, அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

கண்டதும் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அதில் இருக்கிற செய்திகளும் இலக்கங்களும்தான் பிள்ளையை யார் ஏவினார்கள் என்பதற்குச் சாட்சி. அதை உடைத்தால், பிள்ளை தானாகச் செய்தான் என்ற கதைதான் மிஞ்சும்.

"யார்கிட்டப் போறது? இத்தனை ஆபீஸ் இருக்கே, யார் எதைச் செய்றாங்கன்னே விளங்கல."

விளங்காதது உங்கள் பிழை இல்லை. கொழும்பு நகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் வருகிறது. உங்கள் கிராம சேவகர் எந்தச் செயலகத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டால் உங்கள் இடம் தெரிந்துவிடும். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவர் மத்திய அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் வேறு, அவர் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆள். நீதிமன்றத்துக்குப் பிள்ளையின் குடும்ப நிலை பற்றி அறிக்கை எழுதுகிற நன்னடத்தை உத்தியோகத்தர் மூன்றாவது ஆள். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு அவர் மேல் மாகாண நிர்வாகத்தின் கீழ் வேலை செய்கிறார். பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் இவர்கள் மூவருக்கும் மேலதிகாரிகள் வேறு வேறு.

இவர்களைத் தவிர, பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு இருக்கிறது. பாடசாலையில் சிறுவர் பாதுகாப்புக் குழுவும் ஆலோசனை ஆசிரியரும் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காயம் இருந்தால் பொரளை ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையும் சட்ட வைத்திய அதிகாரியும் வருவார்கள். கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு வைத்திருந்தால் தொழில் திணைக்களம். 2021இல் வேலைக்கான குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது, ஆபத்தான வேலைக்கு 18.

ஒவ்வொருவரும் பிள்ளையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். வரவு குறைந்தது ஆசிரியருக்குத் தெரியும், கையில் வெட்டுக்காயம் டாக்டருக்குத் தெரியும், சந்து முனையில் நின்றது பொலிஸுக்குத் தெரியும். இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வந்தால்தான், இவன் குழப்படிக்காரன் இல்லை, இவனை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்பது புரியும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

"1929க்கு எடுத்தா என்ன நடக்கும்? பேர் சொல்லணுமா?"

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். சிங்களத்தில் எடுத்துப் பேசினால் பயந்து வைத்துவிடாதீர்கள், "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லிக் காத்திருங்கள். பெயர் சொல்லாமலும் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் பெற்றோர் நீங்களே என்றால் பெயர் கொடுப்பதுதான் நல்லது, பிறகு என்ன நடந்தது என்று கேட்க அப்போதுதான் முடியும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இலக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். 1926 மன நலத்துக்கு. 1927 அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு, அதாவது போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனைக்கு. 1929 பிள்ளைக்கு. இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் யோசிக்காமல் 119.

"பொலிஸுக்குப் போனா பிள்ளையைத்தானே முதல்ல பிடிப்பாங்க?"

இந்தப் பயத்தாலேயே பலர் கடைசி வரை வாய் திறப்பதில்லை. அதனால் சட்டம் சொல்வதை நேராகவே எழுதுகிறேன். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. முன்பு அந்த எல்லை 8 வயது, 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி உயர்த்தினார்கள். 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 14க்கு மேல் பொறுப்பு உண்டு. அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அதே சட்டக்கோவையில் 288ஆ என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆங்கிலப் பிரதியில் 288 பி. 1998இல் சேர்த்தது. தெரிந்துகொண்டே 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலிக்கு வைத்தோ, தூண்டியோ, வற்புறுத்தியோ போதைப்பொருள் போன்ற தடைசெய்த பொருளைக் கடத்தப் பயன்படுத்துவது தனிக் குற்றம். ஆட்கடத்தல் பற்றிய 360இ, ஆங்கிலத்தில் 360 சி, 2006இல் திருத்தப்பட்டது. பிள்ளை விஷயத்தில் "அவன் சம்மதித்துத்தான் வந்தான்" என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை, தண்டனை 3 முதல் 20 ஆண்டு வரை. வாக்குமூலம் கொடுக்கும்போது "மகனிடம் சாமான் இருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். யார் கொடுத்தது, எப்போது தொடங்கியது, என்ன சொல்லி மிரட்டினார்கள், எவ்வளவு கடன் என்றார்கள் என்பதையும் பதியச் சொல்லுங்கள். அவை பதியப்படாத முறைப்பாட்டில் குற்றவாளியாக உங்கள் பிள்ளை மட்டும்தான் இருப்பான்.

முடிந்தால் முதலில் 1929க்குச் சொல்லிவிட்டு, அந்த இலக்கத்தோடு பொலிஸுக்குப் போங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு உத்தியோகத்தரைக் கேளுங்கள். பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கக் கூடாது என்பது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவசம்தான்.

"எங்களுக்குச் சிங்களம் சரியா வராது. தமிழ்ல முறைப்பாடு குடுக்க விடுவாங்களா?"

விட வேண்டும். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. ஆனாலும் நடப்பது எப்படி என்றால், நீங்கள் தமிழில் சொல்வீர்கள், எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார், "இங்க கையெழுத்துப் போடுங்க" என்பார். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எழுதியதை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால், இரண்டு மொழியும் தெரிந்த ஒரு நம்பிக்கையான ஆளைக் கூட்டிப் போங்கள். உங்கள் தோட்டத்து ஆளை, அதாவது ஒரே குடியிருப்புச் சந்தில் இருப்பவரை, வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

விளங்காத பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீதிமன்றத்தில் அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். முறைப்பாடு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தியில் பதிவானது என்று கேட்டு அதே கொப்பியில் குறியுங்கள். பிற்பாடு பிரதி எடுக்க அதுதான் வழி.

"சொன்னா பிள்ளையை ஹோம்ல போட்டுடுவாங்களாமே?"

பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். அதே 1939 சட்டப்படி பிள்ளையைப் பெற்றோரின் உத்தரவாதத்தில் விடலாம், சித்தி மாமா போன்ற தகுந்த உறவினரின் பொறுப்பில் விடலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலேயே இருக்க விடலாம். கொழும்பு வழக்குகளில் பல பத்தரமுல்லையில் உள்ள சிறுவர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கைப் பொதுமக்கள் வேடிக்கை பார்க்க முடியாது.

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவர் வீட்டுக்கு வரும் நாளில் பலர் வீட்டைக் கழுவி, பலகாரம் வைத்து, பிரச்சினையை மறைக்கிறார்கள். அது வேண்டாம். அம்மா குவைத்தில், அப்பா இரவு வேலை, அம்மம்மாதான் பார்க்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். பிறகு, மஸ்கெலியாவிலோ திருகோணமலையிலோ கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கத் தயாரான உறவினர் இருந்தால் அவருடைய பெயரையும் விலாசத்தையும் கொடுங்கள். ஹோமுக்குப் பதிலாக வேறு இடம் இருக்கிறது என்று காட்டினால், நீதவானுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வழி கிடைக்கும்.

"பள்ளிக்கூடத்துக்குச் சொன்னா விலக்கிடுவாங்களே. ஓ லெவல் வருது."

16 வயது வரை கல்வி கட்டாயம், 2016இல் 14இலிருந்து உயர்த்தப்பட்டது. ஆகவே "கூட்டிட்டுப் போங்க" என்று வாய்ச்சொல்லால் அனுப்பி முடித்துவிட முடியாது. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பல இடத்தில் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள்.

என் கருத்தில், பாடசாலையிலிருந்து பிள்ளையை நிறுத்துவதுதான் அவனை ஏவுகிறவனுக்கு நாம் செய்கிற பெரிய உதவி. காலை ஏழரை முதல் ஒன்றரை வரை பிள்ளை எங்கே என்று தெரிந்த ஒரே இடம் அதுதான். அதிபரிடம் நேராகப் போகத் தயக்கம் என்றால் ஆலோசனை ஆசிரியரிடம் தொடங்குங்கள்.

"பொலிஸ் ஆபீஸுக்குப் போங்கன்னுது, ஆபீஸ் பொலிஸுக்குப் போங்கன்னுது. அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சு போச்சு."

இப்படி அலைய வைப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உழைப்பை விட்டுவிட்டு வருகிற ஒரு அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் அன்றைய கூலி போச்சு. மேலே சொன்னபடி ஒவ்வொரு ஆபீஸுக்கும் மேலதிகாரி வேறு. அதனால் ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேராது. சேர்த்து வைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது, கேட்டால்தான் நடக்கும்.

பிரதேச செயலக மட்டத்தில் பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழு என்று ஒன்று உண்டு. பொலிஸ், கல்வி, சுகாதாரம், நன்னடத்தை, சிறுவர் பாதுகாப்பு எல்லாம் அதில் உட்கார வேண்டியவர்கள். தனிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச இவர்கள் கூடுவதை கேஸ் கொன்பரன்ஸ் என்பார்கள். வைத்தியசாலையில் பிள்ளை இருந்தால் அங்கேயும் கூட்டலாம். அங்கே யார் என்ன செய்வது, எந்தத் திகதிக்குள் செய்வது என்று முடிவாக வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது. 1929 முறைப்பாட்டு இலக்கம், பொலிஸ் பக்கம் பந்தி இலக்கம், பாடசாலையின் பெயர், நடந்தது ஐந்தாறு வரியில், கடைசியில் "இந்தப் பிள்ளை தொடர்பாகக் கேஸ் கொன்பரன்ஸ் ஒன்றைக் கூட்டும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வரி. தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டம் நடந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இனி நான் யாருக்கு போன் எடுக்கணும்?" ஒரு பெயர் கிடைக்க வேண்டும். பெயர் இல்லாமல் "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"இத்தனை பேர் கூடிப் பேசினா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடாதா?"

கூட்டத்துக்கு வருகிற உத்தியோகத்தர்கள் பேசியதை வெளியில் சொல்லக் கூடாது. நீதிமன்றத்துக்குப் போன பிள்ளையின் பெயரையோ படத்தையோ செய்தியில் போடவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஊரில் பரவுவது பெரும்பாலும் வேறு வழியில், அதாவது நாமே பக்கத்து வீட்டில் சொல்லி, பேஸ்புக்கில் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி. கிராம மட்டச் சிறுவர் குழுவில் உங்கள் தோட்டத்து ஆட்கள் இருந்தால், விஷயத்தைப் பிரதேச செயலக மட்டத்தில் வைத்துக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

"மகனே ஐஸ் அடிக்கிறான். அவனைப் போய் யாரு பாதிக்கப்பட்டவன்னு சொல்லுவாங்க?"

நான் சொல்வேன். பழக்கி விடுவதும் பிடித்து வைக்கிற வழிதான். முதலில் சும்மா கொடுத்து, பிறகு கூலியையே அதில் கொடுப்பார்கள். பாவிக்கிறான் என்பதால் அவனை யாரும் ஏவவில்லை என்றாகாது.

ஐஸ் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமை. போதைப்பொருள் சட்டத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை வரை போகலாம். அனுப்புகிறவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் தாங்கள் கையில் வைத்திருப்பதில்லை. 1927க்கு எடுத்து ஆலோசகரோடு பேசுங்கள், அல்லது வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கட்டி வைத்து அடிக்கிற தனியார் இடங்களுக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டாம். சிகிச்சைப் பதிவுகளை, கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். கேஸ் கொன்பரன்ஸில் டாக்டரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

"அனுப்புறவன் எங்க தோட்டத்துக்காரன். எங்களுக்கே கடன் குடுத்தவன். எப்படிச் சொல்றது?"

கதவோரம் நின்று கேட்கப்படுவதில் மிகக் கஷ்டமான கேள்வி இது. பொதுக் குழாய், ஒரே சந்து, ஒரே கோயில் திருவிழா. முறைப்பாடு கொடுத்துவிட்டு அங்கேயே தூங்க வேண்டும். தைரியமாக இருங்கள் என்று தூரத்தில் இருந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன்.

செய்யக்கூடியது இது. நீங்கள் பொலிஸ் நிலையப் படியேறுவதை யாரும் பார்க்காமல் இருக்க, 1929 மூலமாகவோ வைத்தியசாலை மூலமாகவோ தொடங்குங்கள். பிள்ளையை முதலில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதன் பிறகு சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் அதைத் தனி முறைப்பாடாகப் பதியுங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது, அதற்கென்றே ஒரு தேசிய அதிகாரசபையும் இருக்கிறது. பிள்ளை சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், அவனுடைய முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க 1999இலிருந்தே சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். கடனை அடைக்க அவசரப்பட்டு நகையை அடகு வைக்காதீர்கள். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி, அந்தக் கடன் அடைபடுவதற்காகப் போடப்பட்டது இல்லை.

"பொலிஸ்ல உள்ள ஒருத்தரே அவங்களோட சிநேகம்னா?"

அந்த நிலையத்தைச் சுற்றிப் போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தனி விசாரணைப் பொலிஸ் பிரிவு உண்டு. 1929இல் பேசும்போதே "எங்கள் நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளையை அடித்தார்கள், சட்டவிரோதமாக வைத்திருந்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. அடித்த காயம் மாறுவதற்கு முன் வைத்தியசாலையில் காட்டிப் பதியுங்கள். எல்லாப் பொலிஸாரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தேடி வந்த பெண் பொலிஸ் உத்தியோகத்தர்களையும் எனக்குத் தெரியும்.

"கூட்டாளி கேட்டான்னு பாங்க் கார்டைக் குடுத்துட்டான். அது பெரிய விஷயமா?"

பெரிய விஷயம்தான். அந்தக் கணக்கில் வந்து போகிற பணம் யாரோ ஏமாந்தவருடையதாகவோ போதைப் பணமாகவோ இருக்கும், பதிவில் நிற்பது உங்கள் பிள்ளையின் பெயர். இன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போய்க் கார்டை நிறுத்துங்கள். கணக்கில் இருக்கிற பணத்தைத் தொடாதீர்கள், கேட்கிறவனிடம் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். கணக்குக் கூற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுங்கள். பிள்ளையின் பெயரில் எடுத்த சிம்முக்கும் இதே வழிதான்.

"லண்டன்ல உள்ள தம்பி சொன்னான், அங்க இப்படிப் பிள்ளைகளைத் தண்டிக்க மாட்டாங்களாம். உண்மையா?"

பாதி உண்மை. அங்கே இதை கவுண்டி லைன்ஸ் என்கிறார்கள். பெருநகரத்துக் கும்பல்கள் ஒரு போன் இலக்கத்தை வைத்துக்கொண்டு சிறு ஊர்களுக்குப் பிள்ளைகள் மூலம் போதைப்பொருள் அனுப்புவது. 2015இல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, சுரண்டப்பட்டதால் குற்றம் செய்த பிள்ளைக்கு ஒரு எதிர்வாதம் தருகிறது. எல்லாக் குற்றத்துக்கும் அது பொருந்தாது. அந்தச் சட்டத்தைச் சொல்லி இங்கே வாதாடவும் முடியாது.

அங்கிருந்து நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூராட்சி, சுகாதார சேவை, பொலிஸ் மூன்றுக்கும் பிள்ளைப் பாதுகாப்பில் கூட்டாகச் சம பொறுப்பு வைத்தார்கள். கூட்டத்துக்கு வராமல் இருக்க ஒருவருக்கும் சாக்கு இல்லை. இங்கே அந்த வேலையைப் பல நேரம் ஒரு கடிதத்தோடு அம்மாதான் செய்ய வேண்டியிருக்கிறது.

"வாற மாசம் அவனுக்கு 18. அதுக்குப் பிறகு?"

அந்தப் பிறந்தநாளுக்குக் காத்திருக்கிறவர்கள் அனுப்புகிறவர்களும்தான். 18க்கு முன் நடந்ததற்கு 288ஆ, 360இ இரண்டும் பொருந்தும், நடந்த திகதிதான் கணக்கு. ஆகவே முறைப்பாட்டை இப்போதே பதியுங்கள், எந்த மாதத்தில் தொடங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேளுங்கள். வயதை நிரூபிக்க முடியாமல் சிறுவருக்கான பாதுகாப்பை இழக்கக் கூடாது. 18க்குப் பிறகு சட்ட உதவி, 1927, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் தொடரும். சிறுவர் உத்தியோகத்தர்கள் விலகுவார்கள், அதனால் அடுத்து யார் பொறுப்பு என்பதை அதற்கு முன்பே கேஸ் கொன்பரன்ஸில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"அது எங்க பிள்ளை இல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பனே தெரிஞ்சுதான் அனுப்புறாங்க போல. நாங்க தலையிடலாமா?"

தலையிடலாம். பெற்றோரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். 1929க்குப் பெயர் சொல்லாமல் எடுங்கள். பெற்றோருக்குத் தெரிந்தே நடக்கிறது என்ற சந்தேகத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உத்தியோகத்தர் முதலில் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். பிள்ளையின் முழுப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. சந்தின் பெயர், வீடு எங்கே, எந்தப் பாடசாலைச் சீருடை, எந்த நேரத்தில் போகிறான் வருகிறான் என்பது போதும். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்தால், முதல் முறைப்பாட்டின் இலக்கத்தைச் சொல்லி மறுபடியும் எடுங்கள்.